பெரியம்மா விட்டுப்போன தங்கக் கைக்கடிகாரம்: சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை

#1 அல்லிக்கொடி

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான பிரிவில் போட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மா போன வருடம் தவறிவிட்டார். பாரிஸில் ஒரு வயதான அம்மாளைப் பன்னிரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அந்த அம்மாள் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம் இந்தக் கைக்கடிகாரம். பெரியம்மா இதைக் கட்டி நான் பார்த்ததே கிடையாது. ஒரு பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் பொதிந்து வைத்திருந்தார். இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

பார்த்தால் வாட்ச் என்றே தோன்றாது. பட்டையாகப் பின்னிய தங்க வளையல் மாதிரி இருக்கிறது. நடுவில் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலாக ஒரு நீள்சதுர ஜன்னல். அதற்குள் இரண்டு முள். நொடிமுள் இல்லை, எண்களும் இல்லை, வெறும் கோடுகள். பெயர் தேய்ந்துபோய் ஓரிரு எழுத்துதான் தெரிகிறது.

என் குழப்பம் இதுதான்: பக்கவாட்டில் சாவி கொடுக்கிற திருகே இல்லை. உடைந்து விழுந்ததற்கான ஓட்டையும் இல்லை. பேட்டரி வாட்சாக இருக்கும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். கத்தி முனையால் மூடியை நெம்பிப் பார்த்தார்கள். வரவில்லை. "இது ஷோவுக்குச் செய்தது, உள்ளே ஒன்றும் இருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நகைக்கடை. மொத்த எடை 31 கிராம் 400 மில்லி. கண்ணாடி, மிஷின் எல்லாம் சேர்த்து 3 கிராம் கழிவு, மீதி 18 காரட், இன்றைய விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

இது என்ன வாட்ச்? ஓடுமா? கொடுத்துவிடலாமா?

#2 மணிக்கூண்டு

திருகு இல்லை என்றால் பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் இப்படி மெல்லிசாக நிறைய குவார்ட்ஸ் வந்தது. 1969 டிசம்பரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சைகோ ஆஸ்ட்ரான் வந்த பிறகு சுவிஸ்காரர்களும் அந்தப் பக்கம் ஓடினார்கள். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருக்கும். பெரிய ஆசை வைக்காதீர்கள்.

#3 உரைகல்

நான் பட்டறைக்காரன், தங்க வேலை. வாட்ச் எனக்குத் தெரியாது, தங்கம் தெரியும். சீட்டில் குறையில்லை. 18 காரட் என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து. மிஷினுக்கு 3 கிராம் கழிப்பது எல்லா இடத்திலும் வழக்கம். ஓடாத வாட்சைப் பூட்டி வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? உருக்கி இரண்டு வளையல் செய்தால் பெரியம்மா ஞாபகமாகக் கையில் இருக்கும்.

#4 திருகாணி

அல்லிக்கொடி அம்மா, இனி யார் கையிலும் நெம்பக் கொடுக்காதீர்கள். உருக்கும் பேச்சையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

வாட்சைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்கம், கைத்தோலில் படுகிற இடத்தில், பருப்பளவில் தட்டையாக ஒரு வட்டு இருக்கிறதா? விளிம்பில் பல்பல்லாக வெட்டியிருக்க வேண்டும். இருந்தால் அதுதான் சாவி. கண்டுபிடித்த சந்தோஷத்தில் திருகிவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்து கிடக்கும் மிஷினுக்குச் சாவி கொடுப்பது, துருப்பிடித்த பூட்டைச் சுத்தியலால் தட்டித் திறக்கிற மாதிரி.

#5 அல்லிக்கொடி

ஐயா! இருக்கிறது!! நான் அதை ஏதோ அலங்காரத் திருகு என்று நினைத்திருந்தேன். மூடியோடு மூடியாகப் பதிந்து கிடக்கிறது, விரல் நகம் வைத்தால்தான் தட்டுப்படுகிறது. கத்தி போட்ட கீறல் அதற்கு ஒரு நூல் தள்ளிப் போயிருக்கிறது. நல்லவேளை.

#6 மணிக்கூண்டு

என் பதிவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 🙏 ஆனால் பின்னால் ஏன் சாவி? கையில் கட்டிக்கொண்டு சாவி கொடுக்கவே முடியாதே.

#7 திருகாணி

கட்டிக்கொண்டு கொடுக்க முடியாதுதான். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். நேரம் வைப்பதும் அதே வட்டில்தான். பழைய மிஷின் நல்ல நிலையில் ஒன்றரை நாள் ஓடினாலே அதிகம், ஆகவே தினமும் ஒரு தடவை. காலையில் கட்டுவதற்கு முன் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பெண்கள் வாட்ச் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு என்று ஒரு காலம் இருந்தது. இயந்திரத்தைச் சுருக்கினால் ஓட்டம் கெடும். மிஷினில் நேரத்தைப் பிடித்து வைப்பது பேலன்ஸ் வீல். அது சிறுத்தால் சுழலும் வேகத்தில் உள்ள பிடிமானம் போய்விடும். கையை வீசினாலும், எண்ணெய் கொஞ்சம் கெட்டியானாலும் அது தடுமாறும். அந்தக் காலத்து மெல்லிய பெண்கள் வாட்ச்கள் பாதி, அலங்காரத்துக்குக் கட்டிக்கொண்டு நேரத்தை அடுத்தவரிடம் கேட்கிற கதைதான்.

1925-இல் லெகூல்த்ர் பட்டறை ஒரு யோசனை செய்தது. சுவிட்சர்லாந்தில் வல்லே த ஜூ பள்ளத்தாக்கில் லெ சாந்தியே என்ற ஊர்க்காரர்கள், 1833 முதல் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். மிஷினைப் பரப்பி வைக்காமல் மாடி வீடு மாதிரி இரண்டு தளமாக அடுக்கினார்கள். அகலம் குறைந்தது, ஆனால் பேலன்ஸ் வீலைக் குறுக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் துவோப்ளான், இரண்டு தளம் என்று பொருள். சாவியைப் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்னால் போட்டதும் அதே வாட்சில்தான். பக்கத்தில் திருகு துருத்தாததால் நகை வேலை செய்பவருக்கு நான்கு பக்கமும் விட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

1929-இல் அதே வழியில் இன்னும் ஒரு படி போய் ஒரு மிஷின் செய்தார்கள். கேலிபர் 101 (கேலிபர் என்றால் மிஷினின் மாடல்). நீளம் 14 மில்லிமீட்டர், அகலம் 4.8, உயரம் 3.4. எடை கிட்டத்தட்ட ஒரு கிராம். இன்றைய வடிவில் 98 பாகம். சாவி கொடுத்து ஓடும் மிஷின்களில் அதைவிடச் சின்னது இன்று வரை வந்ததில்லை.

ஆனால் இப்போதே குதிக்காதீர்கள். பின்சாவி வைத்த வேறு மிஷின்களும் அதே பட்டறையிலிருந்து வந்திருக்கின்றன, அவை இதைவிடப் பெரியவை, எண்ணிக்கையும் அதிகம். ஸ்கேல் வைத்து வாட்சின் உடம்பை மட்டும் அளந்து சொல்லுங்கள். அப்புறம் முத்திரைகள். கொக்கி, பட்டை, உடம்பின் ஓரம் எல்லாம் பாருங்கள். கைபேசிக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தால் விழும்.

#8 அல்லிக்கொடி

அளந்துவிட்டேன். கண்ணாடி ஓரத்தையும் சேர்த்து உடம்பின் அகலம் ஏழு மில்லிமீட்டருக்குள். நீளம் பதினேழு இருக்கலாம், இரண்டு முனையிலும் பட்டை ஒட்டிக்கொள்வதால் எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியவில்லை.

முத்திரை: உடம்பின் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை, அரிசி முனையளவுதான். அதற்குப் பக்கத்தில் வட்டமுகமாக ஒன்று, எனக்கு ஆந்தை மாதிரி தெரிகிறது. கொக்கியில் ஒரு பறவைத் தலை, கூர் மூக்கு. அதையடுத்துச் சாய்சதுரத்துக்குள் ஏதோ எழுத்து. நான்கு படம் போட்டிருக்கிறேன். மூன்றாவது படத்தில் கை ஆடிவிட்டது.

#9 முத்திரைக்காரி

அட, அட! இது என் ஏரியா.

பெண்ணின் தலை சுவிஸ் முத்திரை. ஹெல்வேத்தியா என்பார்கள், அந்த நாட்டுக்கே உருவகமான பெண். 1880-இலிருந்து 1995 வரை 18 காரட் தங்கத்துக்கு இதுதான். 14 காரட் என்றால் அணில் உட்கார்ந்திருக்கும். 1995-க்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே நாய்த் தலை, செயின்ட் பெர்னார்ட். ஆக, வாட்சின் உடம்பு சுவிஸ், 18 காரட், 1995-க்கு முன்னால்.

ஆந்தை சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது பிரான்சின் முத்திரை. வெளிநாட்டிலிருந்து உள்ளே வந்த தங்கப் பொருளைச் சோதித்து அடிப்பது, 1893 முதல் வழக்கத்தில் உள்ளது. கொக்கியில் இருப்பது கழுகுத் தலை, பிரான்சிலேயே செய்த 18 காரட்டுக்கு உரியது. சாய்சதுரம் பிரெஞ்சுப் பட்டறைக்காரரின் சொந்த அடையாளம், அவரவர் முதலெழுத்தும் ஒரு சின்னமும் உள்ளே இருக்கும்.

சேர்த்துப் படித்தால்: மிஷினோடு வாட்சின் உடம்பு சுவிட்சர்லாந்தில் செய்து பிரான்சுக்குள் வந்திருக்கிறது, பட்டையை பிரான்சில் ஒருவர் செய்து கோத்திருக்கிறார். பெரியம்மா சொன்ன பாரிஸ் கதையோடு ஒத்துப்போகிறது. கதை மட்டும் இருந்தால் நான் நம்பமாட்டேன், எல்லாப் பழைய வாட்சுக்கும் ஒரு பாரிஸ் அம்மாள் இருப்பாள். இங்கே தங்கமே சொல்கிறது.

இரண்டாவது படத்தில் ஆந்தையின் ஒரு கண் லேசாக மழுங்கியிருக்கிறது. எப்போதோ மெருகு போட்டிருக்கிறார்கள். இனிமேல் ஒரு தடவைகூட வேண்டாம்.

#10 ராப்பறவை

எல்லாரும் உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி.

ஒன்று, உடம்பும் முத்திரையும் அசலாகவே இருக்கட்டும், உள்ளே மிஷின் மாற்றியிருந்தால்? எழுபது, எண்பதுகளில் நல்ல கை வேலை மிஷினைத் தூக்கி எறிந்துவிட்டு குவார்ட்ஸ் பொருத்திய பெண்கள் வாட்ச் ஏராளம். இரண்டு, டயலில் பெயரே தெரியவில்லை. பெயர் தெரியாத வாட்சுக்கு ராஜ பரம்பரை எழுதுகிறோம்.

'ரேர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலர்ஜி. விற்கிறவன் கையில் இருப்பதெல்லாம் ரேர்தான்.

#11 திருகாணி

இரண்டும் நியாயமான கேள்வி.

குவார்ட்ஸ் சந்தேகத்துக்குப் பதில்: ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்கும் கூட்டில், பின்சாவி அப்படியே இருக்க, குவார்ட்ஸ் நுழைப்பது லேசில்லை. மாற்றியவர்கள் பெரும்பாலும் பழைய சாவித்துளையை அடைத்துவிடுவார்கள், அடைத்த தடம் தெரியும். இங்கே சாவி அதே இடத்தில் இருக்கிறது. நூற்றுக்கு நூறு இல்லை, திறந்தால்தான் உறுதி.

பெயர்: ஜேஜேர், லெகூல்த்ர் இரண்டும் சேர்ந்து ஒரே நிறுவனப் பெயரானது 1937-இல். எத்மோன் ஜேஜேர் பாரிஸ்காரர், லெகூல்த்ர் சுவிஸ்காரர். அமெரிக்காவுக்குப் போனவற்றில் நெடுங்காலம் லெகூல்த்ர் என்று மட்டும்தான் இருக்கும், கூட்டையும் பெரும்பாலும் அங்கேயே செய்துகொள்வார்கள். அதைப் பார்த்துப் பாதிப் பெயர்தானே இருக்கிறது, போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். அம்மா, எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மை போனாலும் தடம் இருக்கும்.

உரைகல் தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சீட்டில் 3 கிராம் கழிவு என்று எழுதியிருக்கிறது. இது 101 என்றால் மிஷின் ஒரு கிராம்தான். கண்ணாடியும் டயலும் சேர்ந்தாலும் மூன்றுக்குப் போகாது. ஆக, முதலில் தங்கத்திலேயே குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை, மொத்த வாட்சிலும் விலை மதிப்பே இல்லை என்று அவர்கள் கழித்த அந்த ஒரு கிராம்தான் மற்ற முப்பதையும் தூக்கி நிறுத்துகிறது.

#12 உரைகல்

ஐயா, சரி. ஒரு கிராமுக்கு மூன்று கழித்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். எதிரில் கொண்டுவந்து வைப்பது ஓடாத பொருள். திறந்து பார்க்க எங்களுக்குத் தெரியாது. உள்ளே இரும்பு எவ்வளவோ என்று கையைக் கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கூட்டித்தான் கழிப்போம்.

நானே எத்தனையோ பெண்கள் வாட்ச் உருக்கியிருக்கிறேன். மூடியைக் கழற்றி மிஷினைக் குலுக்கித் தனியே கொட்டிவிட்டு, கூட்டை மட்டும் உலையில் வைப்போம். மிஷின்கள் ஒரு மருந்து டப்பாவில் கிடக்கும், பிள்ளைகள் விளையாட எடுத்துப் போகும். இந்த இழையைப் படித்த பிறகு அந்த டப்பா ஞாபகம் வந்து ஒரு மாதிரி இருக்கிறது.

#13 முத்திரைக்காரி

உரைகல் அண்ணா, நீங்கள் மட்டுமா? 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது உலகம் முழுக்க இதுதான் நடந்தது. ஆண்கள் வாட்சின் தங்கக் கூடு போனது, பெண்களுடையது இன்னும் மோசமாகப் போனது. பட்டையும் தங்கம், எடை அதிகம். மேலும் ஓடாத பெண்கள் வாட்சை வாங்கச் சேகரிப்பவர் யாரும் வரமாட்டார். அப்போது கூடு இழந்த மிஷின்கள் இன்றும் தனித்தனியே விற்பனைக்கு வருகின்றன, அநாதைப் பிள்ளைகள் மாதிரி.

ராப்பறவை, ரேர் என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள். குறைவாகச் செய்ததால் மட்டும் ஒன்று அரிதாவதில்லை, மிஞ்சியது குறைவு என்பதாலும் ஆகிறது.

இன்னொன்று எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். கைக்கடிகாரம் என்பதே பெண்களிடமிருந்து தொடங்கியது. பாரிஸ் கடிகாரக்காரர் பிரெகே நேப்பிள்ஸ் ராணி கரோலின் முராவுக்காக ஒரு கைக்கடிகாரத்தை 1810-இல் தொடங்கி 1812-இல் கொடுத்தார். படெக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் 1868-இல் ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்கு வளையல் வாட்ச் செய்தது. ஆண்கள் அப்போது சட்டைப்பையில் சங்கிலி போட்டுத் திரிந்தார்கள், முதல் உலகப் போர்க்களம்தான் அவர்கள் மணிக்கட்டுக்கு வாட்சைக் கொண்டுவந்தது. இன்று ஏல அறிக்கையை எடுத்தால் முதல் பத்துப் பக்கமும் ஆண்கள் வாட்ச்.

#14 மணிக்கூண்டு

101 என்று தேடினேன். இரண்டாம் எலிசபெத் ராணி 1953 முடிசூட்டு விழாவில் கட்டியிருந்தது இந்த மிஷின் உள்ள வாட்சாம்! அல்லிக்கொடி அக்கா, நீங்கள் இப்போது ராணி.

#15 ராப்பறவை

ராணி கட்டியது அந்த ஒன்று. இது இன்னும் திறக்கப்படாத வேறு ஒன்று. முதலில் திறக்கட்டும்.

#16 அல்லிக்கொடி

மூன்று வாரமாகக் காணோமே என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். வீட்டில் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடந்தது. 🙂 நகைக்கடைச் சீட்டை மடித்து டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

திருகாணி ஐயா தனிமடலில் சொன்னபடி, பழைய வாட்ச் மட்டும் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். "இங்கேயே உட்காரு, உன் கண்முன்னால்தான் திறப்பேன்" என்றார். அந்த அரை மணி நேரத்தை எழுதவேண்டும்.

மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்தார். மின்விசிறியை நிறுத்தினார். விரலுக்கு ரப்பர் உறை. பின்மூடி நெம்பித் திறக்கிறதே இல்லை, சாவிவட்டைச் சுற்றியுள்ள ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் தலைமுடியளவு இடைவெளி இருந்தது, அதில் மரக்குச்சியைச் சீவி வைத்து அழுத்தினார். 'டக்' என்றுகூடக் கேட்கவில்லை, மூடி சும்மா எழுந்து வந்தது. அந்தக் கடையில் கத்தி போட்டது எதிர்ப்பக்கம்.

உள்ளே மிஷின். தீக்குச்சியை மூன்றாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவோ அவ்வளவு நீளம், அகலம் தீக்குச்சியின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு. கண்லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஒரு ஓரத்தில் பேலன்ஸ் வீல், அதன் மேல் அதை ஆட்டும் முடியளவு கம்பி, ஹேர்ஸ்பிரிங், சுருண்டு கிடக்கிறது. சிவப்புக் கற்கள் கடுகைப் பொடித்த மாதிரி. எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை, பிறகு லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தபோதுதான் ஒன்றுக்குக் கீழே இன்னொரு தளம் இருப்பது தெரிந்தது. மாடி வீடேதான் ஐயா.

அளந்தார். நீளம் 14, அகலம் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. நிறுவனப் பெயரும் ஒரு எண்ணும் மிஷினில் இருக்கின்றன. டயலிலும் சாய்வு வெளிச்சத்தில் பார்த்துவிட்டார், இரண்டு பெயரும் முழுசாக இருக்கின்றன. எண்ணை எழுதி லெ சாந்தியேவுக்கே கேட்டுப் பார்க்கச் சொன்னார், கேட்டிருக்கிறேன்.

மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய மாதிரி மூன்று இடத்தில் எழுத்து. என்ன என்று கேட்டேன். "பிரித்து எண்ணெய் போட்டவங்க கையெழுத்து. நாங்க எல்லாரும் இப்படிக் கீறி வைப்போம், அடுத்த தடவை நம்மகிட்டயே வந்தா தெரியணும்ல" என்றார். மூன்றும் வெவ்வேறு கை. அந்த அம்மாள் மூன்று தடவையாவது இதைச் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார், அப்படியென்றால் தினமும் கட்டியிருக்கிறார். பெரியம்மா காலத்தில் நான்காவது விழவில்லை.

எண்ணெய் காய்ந்து பழுப்பு அரக்காகிவிட்டதாம். மற்றபடி உடைசல் இல்லை. துரு ஒரே ஒரு திருகாணித் தலையில். ஆனால் அவர் அதைப் பிரிக்க ஒத்துக்கொள்ளவில்லை. "இருபது வருஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா செஞ்சிருப்பேன். இப்ப கை நடுங்குது. இதுல ஒரு பல் போனா மாத்த எங்கிட்ட இல்ல" என்றார். காசும் வாங்கவில்லை.

#17 திருகாணி

அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். செய்யமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

எனக்கு ஒரு பழைய கதை. இதைவிடப் பெரிய மிஷின்தான், ஆனாலும் பெண்கள் வாட்ச். பிரிட்ஜை, அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகட்டை, பூட்டுகிற கடைசித் திருகாணியை இடுக்கியில் எடுத்து வைக்கப் போகும்போது தும்மல் வந்துவிட்டது. அவ்வளவுதான். மேசை, மடி, தரை எல்லாம் காந்தம் வைத்துத் துழாவினேன். சட்டையைக் கழற்றி வெள்ளைத் துணியில் உதறினேன். நான்காம் நாள் என் மூக்குக்கண்ணாடி உறைக்குள் கிடைத்தது. அன்றைக்குத்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

இனி எங்கே கொடுப்பது என்றால், நிறுவனத்துக்கே அனுப்புவதுதான் நல்லது. பழைய மிஷின்களைப் புதுப்பிக்க லெ சாந்தியேவில் தனிப் பிரிவு இருக்கிறது. நாள் பிடிக்கும், செலவும் ஆகும். அனுப்புவதற்கு முன் எழுத்தில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: கூட்டுக்கு மெருகு போடக்கூடாது, டயலைத் தொடக்கூடாது. மாற்றுகிற பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தரவேண்டும்.

#18 ராப்பறவை

சரி. தோற்றேன். படம் பார்த்தேன், 101தான். இருந்தாலும் டயலைத் தொடக்கூடாது என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? பெயரே படிக்க முடியவில்லை. திரும்ப அச்சடித்தால் பளிச்சென்று இருக்குமே.

#19 முத்திரைக்காரி

பளிச்சென்று இருக்கும், அதுதான் பிரச்சினை. திரும்ப அச்சடித்த டயலை இரண்டு அடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். எழுத்து தடித்துவிடும், கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி தப்பும், அடியில் இருக்கவேண்டிய 'சுவிஸ்' காணாமல் போகும் அல்லது இடம் மாறும். மழுங்கிய அசல் டயல் வயதான முகம். திரும்ப அச்சடித்தது யாரோ ஒருவர் முகம்.

#20 உரைகல்

மெருகு விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். உடம்பைத் தொடவேண்டாம், சரி. முத்திரை போனால் தங்கத்தின் பேச்சும் போய்விடும். ஆனால் பட்டையைப் படத்தில் பார்த்தேன். கொக்கியிலிருந்து நான்காவது வரிசையில் பின்னல் இழுபட்டு, ஒரு கம்பி தேய்ந்து காகிதமாக இருக்கிறது. அதைக் கவனிக்காமல் கட்டினால் ஒரு நாள் தெருவில் கழன்று விழும். மெருகில்லாமல் அந்த ஒரு இடத்தை மட்டும் அதே 18 காரட் தங்கத்தில் பற்றாசு வைத்து எடுக்கலாம். முக்கியமாக, பட்டையைக் கழற்றித் தனியாகத்தான் நெருப்பில் காட்டவேண்டும். மிஷின் உள்ளே இருக்கும்போது ஊதுகுழலைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணெய் தீய்ந்துவிடும். நகை கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியில் வாட்சோடு சேர்த்துப் போடவும் விடாதீர்கள், சில பேர் நகை மாதிரியே முக்கி எடுத்துவிடுவார்கள்.

#21 திருகாணி

இதில் நான் உரைகல் தம்பி பக்கம். நான் மிஷினைப் பார்த்துக்கொண்டே பட்டையை விட்டுவிட்டேன்.

#22 மணிக்கூண்டு

சர்வீஸ் ஆகி வந்த பிறகு கட்டலாமா, இல்லை லாக்கரா? என் ஓட்டு லாக்கர்.

#23 முத்திரைக்காரி

கட்டவேண்டும். தினமும் வேண்டாம், ஆனால் கட்டவேண்டும். தண்ணீர் பக்கமே போகக்கூடாது, இதில் ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. பின்சாவி என்பதால் கைக்குப் பூசும் கிரீமும் வியர்வையும் நேராகச் சாவி இடுக்கில்தான் போகும். அதனால் கிரீம், சென்ட் எல்லாம் போட்டுக் காய்ந்த பிறகு கடைசியாக இது. கழற்றியதும் மெல்லிய துணியால் பின்பக்கம் ஒரு துடைப்பு.

#24 அல்லிக்கொடி

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். வந்துவிட்டது!

டயல் அப்படியே, ஆந்தைக் கண் அப்படியே, கத்திக் கீறலும் அப்படியே. பழைய மெயின்ஸ்பிரிங்கை (சாவி கொடுத்தால் முறுகும் சுருள்வில்) ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பித் தந்திருக்கிறார்கள். பட்டையை அதற்கு முன்பே ஒரு பட்டறையில், உரைகல் அண்ணா சொன்ன மாதிரி தனியாகக் கழற்றிச் செய்து வாங்கினேன். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டேன், அது கழற்றக்கூடியது.

முதல் நாள் சாவி கொடுத்தபோது வட்டைச் சுண்டுவிரலால் சுற்ற வரவில்லை, கட்டைவிரல் சதையால் உருட்டவேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு உருட்டலில் விரலுக்குள் ஒரு எதிர்ப்பு தெரிகிறது, அங்கே நிறுத்திவிடுகிறேன். காதில் வைத்தால் ஓசை வாட்ச் மாதிரியே இல்லை, தூரத்தில் யாரோ மிக வேகமாகப் பின்னல் ஊசி போடுகிற மாதிரி இருக்கிறது. அம்மா காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா இதைக் கேட்டிருப்பாளா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. அதற்குத் திரும்ப அனுப்பவேண்டுமா?

#25 திருகாணி

நான்கு நிமிடமா! அந்த அளவு பேலன்ஸ் வீலுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுப்பவேண்டாம். ராத்திரி கழற்றி வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு வாரம் முகம் மேலே, ஒரு வாரம் பக்கவாட்டில் என்று மாற்றிப் பாருங்கள், கிடக்கிற நிலைக்குத் தக்க ஓட்டம் கூடும் குறையும். நான்கு இரண்டாகலாம்.

#26 உரைகல்

வாழ்த்துகள் தங்கச்சி. கேட்கக்கூடாதுதான், தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. கம்பி மாற்றி, சங்கிலி போட்ட பிறகு இப்போது எடை எவ்வளவு?

#27 அல்லிக்கொடி

நிறுக்கவில்லை அண்ணா. 😄 பழைய சீட்டு டப்பாவில்தான் இருக்கிறது, வேண்டுமானால் அதோடு சங்கிலியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

திருகாணி ஐயா, நேற்றிலிருந்து பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். இன்று காலை மூன்று நிமிடம்.